கோட்டைக்கு முந்தியது காற்று

கேள்வி: உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மகனுக்குப் புத்தகம் வாங்க வேண்டும். காடு, காற்று, குளம், குடியேற்றம் பற்றிய நூல்களையும் வரலாற்று நூல்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். யார் யாரோடு சண்டை பிடித்தார்கள், யார் ஆண்டார்கள் என்பதுதானே வரலாறு? மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்பத்தானே?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இல்லை. அதுவும் உப்புவெளியில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் உங்கள் கரையில் வள்ளங்களை மேலே இழுத்து வைக்கிறார்கள். அதே நாளில் உட்துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள், தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். ஐரோப்பியர் திருகோணமலைக்காக அடிபட்டதற்கு முதற்காரணம் இந்த ஒரு வித்தியாசம். எதிரே சோழமண்டலக் கரை முழுக்கத் திறந்த கடல். சென்னையில் அன்று ஒதுங்குவதற்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். மாரி தொடங்கினால் அங்கே நிற்பது உயிருக்கு ஆபத்து.

1782ஐ எடுங்கள். ஜனவரியில் ஒல்லாந்தர் கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறியது. ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் வந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கடற்படைகளும் மோதின. ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். போரை மட்டும் சொல்லும் நூல் இந்தத் திகதிகளைப் பிழையில்லாமல் தரும். ஓகஸ்டில் அவ்வளவு அவசரம் எதற்கு என்று சொல்லாது. மாரி தொடங்கக் கிழமைகளே இருந்தன, அதற்குள் ஒதுங்க இடம் வேண்டும். இடத்தை இழந்த ஆங்கிலக் கடற்படை பம்பாய் வரை போக வேண்டி வந்தது. காற்றை எடுத்துவிட்டால் உங்கள் மகன் மனப்பாடம் செய்வது வெறும் பெயர்களைத்தான்.

இன்னும் பின்னால் போவோம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் நின்ற ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்தது. புது மரம் போடத் திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் மூதூர்ப் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் தப்பி, மேற்குக் கரையில் ஒல்லாந்தரிடம் இருந்த அரிப்பு என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவர் நூல் வெளிவந்தது. அதன் வரிசையைக் கவனியுங்கள்: முதற்பாகத்தில் நாடும் நெல்லும் மரமும் விலங்கும்; இரண்டாவதில் அரசனும் ஆட்சியும்; மூன்றாவதில் மக்கள்; தான் சிறைப்பட்ட கதை கடைசியில்தான். நொக்ஸ் அந்நியர், தன் நாட்டவர் கண்ணால் பார்த்தவர், அதை மறக்காமல் வாசிக்க வேண்டும். ஆனாலும் இருபது ஆண்டு அடைபட்டுக் கிடந்த மனிதர் தன் துன்பத்தை முன்னால் வைக்காமல் மண்ணை முன்னால் வைத்தார். நீங்கள் பக்க நிரப்பல் என்பது அவருக்கு முதற்பாகம்.

திருகோணமலைக் கோட்டை வாசலை நீங்கள் எத்தனை தரம் கடந்திருப்பீர்கள்! அங்கே கல்லில் இணைக்கயல் செதுக்கியிருக்கிறது, கூடவே உடைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்ற பொருளில் வாசிக்கிறார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். போன வருடம் பாடசாலைப் பிள்ளைகள் சிலரோடு அங்கே போனேன். ஒரு சிறுமி மீன் மேல் விரலை வைத்து வாலிலிருந்து தலை வரை மெதுவாகத் தடவினாள். “சேர், கோயில் கல்லையே ஏன் எடுத்தாங்க, வேற கல் இல்லையா?” என்றாள். மத வெறி என்று பாடப்புத்தகம் சொல்லிவிடும், அது பொய்யும் இல்லை. ஆனால் கொத்திச் சீராக்கிய கல் அதே மலையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வெட்டவும் வேண்டாம், சுமக்கவும் வேண்டாம். அவள் கேள்விக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில்.

இனிக் குடியேற்றம். இந்தச் சொல்லைக் கேட்டதும், அரசு பெரும்பாலும் சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய கந்தளாய், அல்லைத் திட்டங்களும் 1950களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். வலிக்கிற நினைவு. 1881 குடிசன மதிப்பில் இந்த மாவட்டத்தில் சிங்கள மக்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 2012இல் நூற்றுக்கு 27 அளவு. இந்த இரண்டு இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டுக் கோபப்படும் நூல்கள் நிறைய உண்டு. கோபம் நியாயமானது, விளக்கம் போதாது. உங்கள் மகன் 1840க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத, பயிர் செய்யாத காணியும், மாறாக நிரூபிக்கும் வரை பிரித்தானிய முடிக்குரியவை என்றது. சேனை செய்கிறவன் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவான், பிறகு பல வருடம் அப்படியே விடுவான். அவனுக்கு அது ஆறப் போட்ட நிலம். சட்டத்துக்கு அது ஆளில்லாத காடு. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றால் அவன் எதைக் காட்டுவான்? அப்படி முடிக்குப் போன காணிதான் பின்னால் அரச காணியாகி, 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு திட்டம் திட்டமாகப் பங்கிடப்பட்டது. அப்போதும் மலேரியாவுக்குப் பயந்து பலர் வரவில்லை. 1940களின் பிற்பகுதியில் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்தைத் தெளித்த பிறகுதான் வரண்ட வலயத்துக்கு ஆட்கள் பெருமளவில் வந்தார்கள். அமைச்சரவைத் தீர்மானத்தை எழுதிவிட்டு நுளம்பை எழுதாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1986 ஏப்ரல் 20 விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது குடியேறிய ஏழை விவசாயிகளின் வீடுகளைத்தான். திட்டம் போட்டவர்களையும் அந்தக் குடும்பங்களையும் ஒரே தராசில் நிறுக்கும் நூலை நான் என் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன்.

கடைக்குப் போனால் மகனிடம் புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவை முதலில் திறக்கச் சொல்லுங்கள். தளபதிகளும் உடன்படிக்கைகளும் கட்டாயம் இருக்கும். பருவக்காற்று, சேனை, மலேரியா, கந்தளாய்க் குளம் இருக்கின்றனவா என்று தேடட்டும். ஒன்றும் இல்லையென்றால் திருப்பி அடுக்கில் வைக்கட்டும். ‘ஆளில்லாத காடு’ என்று எங்காவது கண்டால், யாருடைய கணக்கில் ஆளில்லை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கட்டும்.

முதல் நூலாக நொக்ஸைத் தேடி எடுங்கள். அவன் வாசித்து முடித்ததும், வாடை தொடங்க முன்னம், இரண்டு பேருமாக மூதூருக்குப் போய்வாருங்கள். பாய்மரம் இல்லாத அந்தக் கப்பல் வந்து நின்ற தண்ணீரை அவன் பார்க்கட்டும்.