பதில்: ரோடாக்ஸ் 912-ல் ஆயில் வழிவது பற்றி

ரோடாக்ஸ் 912 எஞ்சின் உள்ள உங்கள் சிறிய விமானத்தை வாரக்கணக்கில் நிறுத்திவைத்த பிறகு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் ஆயில் குறைவாகத் தெரிந்தது, அரை லிட்டர் ஊற்றினேன், பறந்து இறங்கினால் தொட்டியின் வென்ட் குழாய் (காற்றுப்போக்கி) வழியாக வழிந்து ஒரே பிசுபிசுப்பு என்கிறீர்கள். பெரும்பாலும் எஞ்சினில் கோளாறு இருக்காது; அளவு பார்த்த முறையில்தான் சிக்கல்.

இது டிரை சம்ப் எஞ்சின், ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். நின்றுகொண்டே இருந்தால் தொட்டியிலிருந்து கொஞ்சம் கிராங்க்கேஸுக்குள், அதாவது எஞ்சினின் உள்கூட்டுக்குள், இறங்கிவிடும். அதைத் திரும்பத் தள்ளுவது பிஸ்டனைத் தாண்டிக் கசியும் அழுத்தம்தான். அதனால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டு இக்னிஷன் சுவிட்சையும் அணைத்து, தொட்டி மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சிலிண்டருக்குள் காற்று அழுந்தி, சுற்றுவது இறுகும் (கம்ப்ரெஷன் பிடிக்கும்) இடத்தில் சற்று நிறுத்தினால் சீக்கிரம் வேலை ஆகும். தொட்டிக்குள் ‘குளுக் குளுக்’ என்று காற்று கொப்பளிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் குச்சியைப் பாருங்கள். எதிர்த்திசையில் மட்டும் சுற்றவே வேண்டாம், வால்வைத் தூக்கும் லிஃப்டருக்குள் காற்று புகுந்துவிடும். சுவிட்ச் அணைந்திருக்கிறதே என்று நம்பி, புரொப்பெல்லர் பிளேடு சுழலும் பாதையில் நிற்காதீர்கள்; எஞ்சின் திடீரென்று பற்றிக்கொள்ளலாம்.

குச்சியின் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 0.45 லிட்டர்தான். நீங்கள் ஊற்றியதே அதைவிட அதிகம்! சரி, மிகுதியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் துடைத்து, முதலில் தரையிலேயே ஓட்டிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் ஒழுகினால், அப்புறம் மெக்கானிக் பார்க்காமல் பறக்க வேண்டாம்.