பிக்கியின் சொந்தப் பெயர் என்ன? – வாசகர் கேள்வி பதில்

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலை வகுப்பில் நடத்துவது பற்றி, பழைய வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். நாவல் வெளிவந்த ஆண்டு 1954. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போர்க்காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்களை ஏற்றி வந்த விமானம் ஒரு தீவில் விழுகிறது. பெரியவர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சிறுவர்கள் ரால்ஃபைத் தலைவனாக்கி, சங்கு ஊதிக் கூட்டம் கூட்டி, கப்பலுக்குத் தெரியும்படி மலையில் புகை மூட்டி, ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள். பாடகர் குழுத் தலைவன் ஜாக், வேட்டைக் கும்பலோடு பிரிந்து போகிறான். சைமனும், ‘பிக்கி’ (பன்றிக்குட்டி) என்ற பட்டப்பெயரோடு வரும், மூக்குக்கண்ணாடி போட்ட குண்டுப் பையனும் கொல்லப்படுகிறார்கள். ரால்ஃபையும் விரட்டிக்கொண்டு வரும்போது ஒரு கடற்படை அதிகாரி கரையில் நிற்கிறார்.

9-ஆம் வகுப்பில் 40 பேர். பாதிப் பேர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். வாரம் இரண்டு பீரியட்தான் கிடைக்கும். 12 அத்தியாயத்தையும் முடிக்க முடியுமா?
– ஆங்கில ஆசிரியை, குடியாத்தம்

முடியும். ஆனால் வரிக்கு வரி வாசித்து முடிப்பது என்று இறங்கினால் முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவீர்கள். அங்கே கதையைவிடத் தீவின் வர்ணனைதான் அதிகம். மூன்றாவது பக்கத்தில் வகுப்பு கைநழுவிவிடும்.

அதனால் முதல் பீரியடில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஒரு பெரிய சார்ட்டில் தீவை வரையுங்கள். ஏறக்குறையப் படகு வடிவம், மலை, விமானம் உரசிக் கிழித்த நீண்ட தடம், கூட்டம் கூடும் பாறைத்திட்டு, கடைக்கோடியில் ஒடுக்கமான கழுத்தால் மட்டும் தீவோடு ஒட்டியிருக்கும் கோட்டைப்பாறை. ‘லகூன்’ என்ற சொல் பாலாற்றுப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. கடலுக்குள் பவளப்பாறை வரப்பு கட்டினாற்போல் நிற்க, அதற்கு உள்ளே அலையில்லாமல் கிடக்கும் தண்ணீர் என்று சொல்லி வரைந்து காட்டுங்கள். சார்ட் கடைசி வரை சுவரில் தொங்கட்டும்.

40 நிமிட பீரியட் 18, அதாவது 9 வாரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் வாய்விட்டு முழுசாக வாசிக்க வேண்டியவை ஐந்தே இடங்கள்: 1-ஆம் அத்தியாயத்தில் சங்கு கிடைப்பதும் தலைவன் தேர்வும், 4-இல் தீ அணைந்து, கப்பல் கடந்து போய், பிக்கியின் கண்ணாடி உடைவது, 5-இல் இருட்டும் நேரத்தில் நடக்கும் கூட்டம், 9-இல் சைமனின் சாவு, 12-இன் கடைசிப் பக்கங்கள். மற்றதைத் தமிழில் கதையாகச் சொல்லி, அத்தியாயத்துக்கு ஒரு பத்தி மட்டும் ஆங்கிலத்தில் படிக்க வையுங்கள். 3-ஐ ஒரு பீரியடில் கடந்துவிடலாம். 5-ஐ மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சண்டை இல்லாத அத்தியாயம் என்று பலரும் தாண்டிவிடுகிறார்கள். பேச்சு எப்படிச் செத்துப்போகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. அதற்கு இரண்டு பீரியட் கொடுங்கள்.

இன்னொன்று. பிக்கியின் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதை அச்சுப்பிழை என்று திருத்த வருவார்கள். மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அத்தையிடம் வளர்ந்த பையன் அவன். வசதியான வீட்டுப் பையன்கள் அவன் பேச்சைக் கேட்டே சிரிக்கிறார்கள். ‘வந்துகினு’, ‘போய்கினு’ என்று பேசியதற்காக வெளியூர்க் கல்லூரியில் கேலிக்கு ஆளான அண்ணன், அக்கா நம் வீடுகளில் உண்டு. அதைச் சொன்னால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

என் மகனுக்கு 13 வயது. பள்ளியில் இந்த நாவலைக் கொடுத்திருக்கிறார்கள். கொலையெல்லாம் இருக்கிறதாமே, படிக்கலாமா?
– ஒரு தாய், ஆற்காடு

14 வயதுக்கு மேல் என்றால் தயங்க வேண்டாம். 13 என்றால் 8-ஆம் அத்தியாயத்தை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். தாய்ப்பன்றியைக் கொல்லும் பக்கத்தின் வர்ணனை வயதுக்கு மீறியது. அதை வாய்மொழியாகச் சொல்லிக் கடத்திவிடலாம். ஆடிமாதக் கோயில் பலியைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ரத்தம் அதிர்ச்சி இல்லை. கொல்லும்போது அந்தப் பையன்களுக்கு வரும் சிரிப்புதான் உறுத்தும். 9-ஆம் அத்தியாயத்தை விடவே கூடாது. இரவில் தனியாகப் படிக்க விடாமல், பகலில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வையுங்கள். படித்து முடித்ததும் பேச ஆள் வேண்டும்.

ஜவ்வாது மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ‘சாவேஜ்’ என்ற சொல்லைக் ‘காட்டுமிராண்டி’ என்று மொழிபெயர்த்ததும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இதை எப்படி நடத்துவது?
– ஆசிரியர், ஆலங்காயம்

குனிந்த அந்தத் தலைகளை நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். இந்த நாவலைப் பாழாக்கும் முதல் தவறு, கரும்பலகையில் கோடு கிழித்து ஒரு பக்கம் ‘ஊர் – நாகரிகம்’, மறுபக்கம் ‘காடு – காட்டுமிராண்டித்தனம்’ என்று எழுதுவது. கதையில் காட்டில் வாழ்பவர் ஒருவர்கூட இல்லை. அது ஆளில்லாத தீவு. கொலை செய்பவர்கள் அத்தனை பேரும் இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்கள். அதிலும் முன்னால் நிற்பது தேவாலயத்தில் பாடும் குழு.

மொழிபெயர்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ‘காட்டுமிராண்டி’ என்ற சொல்லுக்குள்ளேயே காடு உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்ததும் பழி காட்டின்மேல் விழுகிறது. அதை விட்டுவிடுங்கள். கூட்டமாக ஆடிக் கத்தும் இடத்தில் ‘வெறி’, ஜாக்கின் கூட்டத்து ரோஜர் பாறையை நெம்பித் தள்ளும் இடத்தில் ‘கொடூரம்’, சும்மா நிற்கும் இடத்தில் ‘சாயம் பூசிய பையன்கள்’ என்று இடத்துக்குத் தகுந்தபடி சொல்லுங்கள். ‘சாவேஜ்’ என்றே சொல்ல வேண்டிய இடத்தில் அதையே வைத்து, யார் யாரைச் சொல்கிறார் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். 2-ஆம் அத்தியாயத்தில், நாம் சாவேஜ் இல்லை, ஆங்கிலேயர்கள், விதிப்படி நடக்க வேண்டும் என்று பெருமையடிப்பவன் ஜாக். அந்த வரியைக் குறித்து வைத்த மாணவர்கள் 8-ஐ எட்டும்போது தாங்களாகவே பின்னால் புரட்டிப் பார்ப்பார்கள்.

11-ஆம் அத்தியாயத்தில் பிக்கி பேசும் ஒரு வரியைப் பாடத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டன் பதிப்பில் அங்கே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருக்கும். வேறு சில பதிப்புகளில் ‘இந்தியன்ஸ்’ என்று மாற்றியிருப்பார்கள். நம் பிள்ளைகள் அது நம்மைத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அமெரிக்கப் பழங்குடி மக்களைச் சொல்வது. இரண்டுமே தப்பான பேச்சு. நல்லவனான பிக்கியின் வாயிலும் அது இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டிலும் பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது. நாடு முழுக்க அது நீங்க 1952 ஆயிற்று.

பிறகு ‘நாகரிகம்’. 580-ஆவது குறளில் இந்தச் சொல் வருகிறது. பழகியவர் தன் கண்முன்னே நஞ்சை ஊற்றித் தந்தாலும் முகம் சுளிக்காமல் உண்டு அமைதி காக்கும் பண்பை வள்ளுவர் நாகரிகம் என்கிறார். அந்தக் குறள் வரும் அதிகாரம் ‘கண்ணோட்டம்’, அதாவது இரக்கம். உடை, வீடு, படிப்பு எதுவும் அதில் இல்லை. அந்த அளவுகோலைக் கையில் கொடுத்து, தீவில் நாகரிகமானவன் யார் என்று கேளுங்கள். கைக்கெட்டாத கிளையிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பழம் பறித்துக் கொடுக்கும் சைமன் முதலில் வருவான்.

இனி, இந்த நாவலில் நாங்கள் மிக முக்கியமாக நினைக்கும் இடம். 4-ஆம் அத்தியாயத்தில் ரோஜர், ஹென்றி என்ற சிறுவனைச் சுற்றிக் கல் எறிகிறான். எல்லாமே தவறி விழும்படி எறிகிறான். ஹென்றியைச் சுற்றி ஏறக்குறைய 6 கஜம் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் எறிய அவனுக்குத் துணிவு இல்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அவன் கையைப் பிடித்திருக்கின்றன. பள்ளி மைதானத்தில் இதை வரைந்து காட்டலாம். நடுவில் ஒரு பையை வையுங்கள். இரண்டே முக்கால் மீட்டர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுங்கள். கல் எதுவும் எறிய வேண்டாம், வட்டத்துக்கு வெளியே நிற்க வைத்தால் போதும். உங்கள் கையைப் பிடித்திருப்பது எது என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். 11-இல் பிக்கியின்மேல் பாறையை உருட்டுபவன் இதே ரோஜர் என்று வரும்போது, அந்த வட்டம் எங்கே போயிற்று என்ற ஒரு கேள்வியே ஒரு பீரியடுக்குத் தாங்கும்.

முகச்சாயத்துக்கு நம்மிடமே ஒப்பீடு உண்டு. ஜாக் ஒரு கன்னத்தில் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு, குறுக்கே கரிக்கோடு போட்டுக்கொண்டு, கொட்டாங்கச்சித் தண்ணீரில் முகம் பார்க்கிறான். அங்கே வேறு யாரோ தெரிகிறது. பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவரும் அரிதாரம் பூசியதும் வேறு ஆள்தான். ஆனால் அவருக்கு வாத்தியார் உண்டு, பாட்டு உண்டு, சுற்றி ஊர் உண்டு, விடிந்தால் அரிதாரத்தைக் கழுவும் நேரம் உண்டு. ஜாக்குக்கு இவை எதுவும் இல்லை. சாயம் பூசுவதே வெறி என்று பிள்ளைகள் முடிவுகட்டாமல் இருக்க இந்த ஒப்பீடு உதவும். வேலூர்க் கோட்டையையும் நினைவூட்டுங்கள். நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, புதுத் தலைப்பாகைதான் என்று இந்தியச் சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் இட்ட உத்தரவு, 1806 ஜூலை 10 எழுச்சிக்கு ஒரு காரணம். அன்று இருட்டில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். விடிந்த பிறகு ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை, பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைச் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டது. சாவேஜ் யார் என்று அகழிக்கரையில் நின்று கேட்டால் எளிதில் பதில் வராது. வரவும் வேண்டாம்.

பிக்கியின் கண்ணாடியில் நெருப்பு மூட்டவே முடியாது என்கிறார் எங்கள் இயற்பியல் சார். உண்மையா?
– 10-ஆம் வகுப்பு மாணவி, ராணிப்பேட்டை

சார் சொல்வது சரி. நாவலில் சிறுவர்கள் அந்தக் கண்ணாடியை வெயிலில் பிடித்துத்தான் தீ மூட்டுகிறார்கள். ஆனால் பிக்கிக்குக் கிட்டப்பார்வை என்று நாவலே சொல்கிறது. கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்சு. அது ஒளியை விரிக்கும், குவிக்காது. வீட்டில் உள்ள கண்ணாடியை எழுத்துக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்: எழுத்து சிறுத்தால் குழிலென்சு, பெருத்தால் குவிலென்சு. தாத்தாவின் +2 படிக்கும் கண்ணாடியிலும் நெருப்பு சுலபமில்லை. குவியத்தூரம் 50 செ.மீ., சூரிய பிம்பம் அரை செ.மீ. அகலத்துக்கு விழும், சூடு பரவிப்போகும். 10 செ.மீ. குவியத்தூரமுள்ள பூதக்கண்ணாடியில் அது 1 மி.மீ. புள்ளியாகும், கருப்புக் காகிதம் புகையும். பக்கத்தில் பெரியவர் ஒருவரும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்க வேண்டும். லென்சு வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. எழுத்தாளர் பிசகியதால் கதை கெட்டுவிடவில்லை. தேர்வில் இதை எழுதினால் நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்.

சங்கை வைத்திருப்பவர்தான் பேசலாம் என்ற விளையாட்டை வகுப்பில் வைத்தேன். ஒரே இரைச்சல். ஒரு குண்டுப் பையனுக்குப் ‘பிக்கி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?
– ஆசிரியர், வாணியம்பாடி

மூன்று இடங்களில். முதலாவது, சங்கு. நம் ஊரில் அது கோயிலுக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. ‘சங்கு ஊதியாச்சு’ என்று ஒருவன் சொன்னால் வகுப்பு முடிந்தது. நாவலில் வருவது ஒன்றரை அடி நீளமுள்ள வேறு வகைச் சங்கு. வகுப்புக்கு ஒரு மர ஸ்கேல் போதும். இரண்டாவது, 40 பேரை ஒரே வட்டமாக உட்கார வைப்பது. எட்டெட்டுப் பேராகப் பிரித்து, மின்விசிறிக்கடியில் யார் உட்காருவது என்பது போன்ற நிஜமான வழக்கைக் கொடுங்கள். ஆளுக்கு 30 விநாடி. 7 நிமிடம் ஓடியதும் ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் 3 நிமிடம் பேச விடுங்கள், அதற்குமேல் வேண்டாம். இரண்டாம் சுற்றில் யார் வாய் மூடிப்போனார்கள் என்பதை எழுத வையுங்கள். யாருக்கும் பாத்திரம் ஒதுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் கனமானது. பட்டப்பெயர் ஒட்டிய பிறகு திட்டினால் இன்னும் ஒட்டும். முதல் அத்தியாயத்துக்கே திரும்புங்கள். அந்தப் பையன் தன் பட்டப்பெயரை ரால்ஃபிடம் ரகசியமாகத்தான் சொல்கிறான், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிறான். ரால்ஃப் எல்லோர் முன்னாலும் உடைத்துவிடுகிறான். அவன் சொந்தப் பெயர் என்ன என்று வகுப்பைக் கேளுங்கள். தேடட்டும். 12 அத்தியாயத்திலும் கிடைக்காது, ஏனென்றால் தீவில் ஒருவனும் கேட்கவில்லை. அதன் பிறகு வருகைப் பதிவை ஒரு வாரம் எண்ணால் கூப்பிடாமல் முழுப் பெயராகக் கூப்பிடுங்கள். அந்தப் பையனிடம் தனியே பேசுங்கள், வகுப்பு முன்னால் ஆறுதல் சொல்லாதீர்கள்.

உண்மையில் சிறுவர்கள் தீவில் மாட்டிக்கொண்டபோது ஒற்றுமையாக இருந்தார்களாமே? அப்படியானால் நாவல் பொய்யா?
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

1965-இல் டோங்கா நாட்டு விடுதிப் பள்ளியிலிருந்து ஆறு பையன்கள் படகெடுத்துப் புறப்பட்டு, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 15 மாதம் கழித்து, 1966-இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் அவர்களைக் கண்டெடுத்தார். முறை வைத்து வேலை செய்தார்கள், தீயை அணையவிடவில்லை, ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வருவார்கள். ஆனால் அவர்கள் ஒரே பள்ளி நண்பர்கள் ஆறு பேர். நாவலில் இருப்பது முகம் தெரியாத, ஆறு வயதுப் பிள்ளைகளும் கலந்த கூட்டம். தவிர, கோல்டிங் போரில் கடற்படையில் இருந்தவர், பள்ளி ஆசிரியர். 19-ஆம் நூற்றாண்டுத் தீவுக்கதைகளில் ஆங்கிலப் பையன்கள் குறையே இல்லாதவர்களாக வருவதற்கு மறுப்பாகவே இதை எழுதினார். டோங்காவை நாவல் முடிந்த பிறகு சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் பாதி வகுப்பு புத்தகத்தை மூடிவிடும்.

சங்கு எதன் குறியீடு என்ற கேள்விக்கு கைடில் ‘ஜனநாயகம்’ என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. விரிவாக எழுதுவது எப்படி?
– பிளஸ் 1 மாணவர், காட்பாடி

சங்கின் நிறத்தைப் பின்தொடருங்கள். 1-இல் வெண்மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓடிய சங்கு. 5-இல் வெயிலும் காற்றும் பட்டு வெளுத்து, உள்ளே ஒளி ஊடுருவும் அளவுக்கு ஆகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில்தான் ஜாக் விதிகளை உதறுகிறான். 11-இல் பாறை மோதி வெள்ளைச் சில்லாகச் சிதறுகிறது. இந்த மூன்றையும் அத்தியாய எண்ணோடு எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்போது சங்கு யார் கையில் இருந்தது என்று ஒரு வரி சேருங்கள்.