ஒவ்வொரு ஊசலும் நன்றாகத்தான் ஆடுகிறது, ஆனால் எல்லாவற்றின் விலகலின் சராசரி மட்டும் ஏன் சீக்கிரம் சுருங்கிவிடுகிறது? உராய்வுதானே காரணம்?

எம்.எஸ்சி. புராஜெக்டில் மாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே கிராஃபை வைத்துக்கொண்டு நானும் முழித்தவன்தான்.

எங்களுடையது ஒன்பது பித்தளைக் குண்டுகள், தூண்டில் நரம்பு, எல்லாம் ஒரு மீட்டர் நீளம். பலகையைச் சாய்வாகப் பிடித்து, முதல் குண்டு 5 டிகிரி, கடைசிக் குண்டு 30 டிகிரி வரும்படி தள்ளிவைத்து, சட்டென்று பலகையை எடுத்துவிடுவோம். முதல் ஐந்தாறு ஆட்டம் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி இருக்கும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம். மூன்று நிமிடம் போனால் ஒன்பதின் சராசரி ஏறக்குறைய தட்டைக் கோடு. நேரில் பார்த்தால் குண்டுகள் ஜோராக ஆடிக்கொண்டிருக்கும்!

ஊசலின் அலைவு நேரம் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) வீச்சைப் பொறுத்து, அதாவது எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பதைப் பொறுத்து, மாறும். பாடப்புத்தகச் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டும்தான். ஒரு மீட்டர் ஊசலுக்கு அது 2.006 வினாடி தரும். 30 டிகிரியில் உண்மையில் 2.04. ஒரு ஆட்டத்துக்கு 0.03 வினாடி சொச்சம்தான், ஆனால் முப்பது ஆட்டத்தில் அது ஒரு வினாடி, அதாவது அரை ஆட்டம். முதல் குண்டு வலது கோடியில் நிற்கும்போது கடைசிக் குண்டு இடது கோடியில் நிற்கும்; சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று குறைத்துவிடும். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் தன் கடிகார ஊசலின் நூலுக்கு இருபுறமும் வளைந்த தகடு வைத்தது இந்தத் தொல்லைக்காகத்தான்.

ஆக, உங்கள் கிராஃபில் முதலில் தெரிவது கட்டம் பிசகுவது, அதாவது குண்டுகளின் ஆட்டம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போவது. காற்றுத்தடையும் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு குண்டின் வீச்சைத் தனியாக வரையுங்கள். அது குறைகிற வேகம்தான் உண்மையான தேய்மானம். 1950-ல் இயற்பியலாளர் எர்வின் ஹான், காந்தப்புலத்தில் குட்டிக் காந்தங்கள் போலச் சுழலும் அணுக்கருக்களில் இப்படிக் கலைந்துபோன சைகையை இரண்டாவது ரேடியோ அலைத் துடிப்பு கொடுத்துத் திரும்ப எழுப்பிக் காட்டினார். உராய்வில் போனது அப்படித் திரும்பி வராது. (அங்கே பிசகுக்குக் காரணம் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவது, வீச்சு அல்ல. தெரியும், கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.)

இதையெல்லாம் நான் எழுதித்தான் கொடுத்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிவப்பு மையால் அடித்து, 'தடையுறு அலைவு' (உராய்வால் தேயும் ஆட்டம்) என்று மேலே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதைக்கூட விடுங்கள். புராஜெக்ட் அறிக்கை நான்கு பிரதி, கெட்டி அட்டை, தங்க எழுத்து என்று அடம்பிடித்தார்கள். 1,400 ரூபாய். அதில் மூன்றை இன்றுவரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.