வாங்கும் முன்: ஒகினாவா டிக்கெட்டும் புயல் கணக்கும்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஜப்பானின் ஒகினாவா தீவைப் பற்றியவை. அதனால் மிக்ஸி, வாட்டர் ஃபில்டர் கேள்விகள் அடுத்த வாரத்துக்கு.

கே: பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஒகினாவா போகலாம் என்றிருக்கிறோம். மே நடுவில் டிக்கெட் மலிவாக இருக்கிறது. வாங்கிவிடலாமா? (கோவை)

ப: மலிவுக்குக் காரணம் மழை. அங்கே சராசரியாக மே 10 வாக்கில் மழைக்காலம் பிடித்தால் ஜூன் 21 வாக்கில்தான் விடும். அதற்கு முந்தைய வாரம் ஜப்பானே விடுமுறையில் கிளம்புகிற நேரம், விலை உச்சியில் நிற்கும். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் பரீட்சை முடிந்துவிட்டால் அப்போதே கிளம்புங்கள்.

கே: ஆகஸ்டில் போகிறோம். புயல் வந்தால் ஒருநாள் அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம். இதற்கு ஏன் இவ்வளவு பயம்? (சிங்கப்பூர்)

ப: ஒருநாள் என்று உங்களிடம் யார் சொன்னது? 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த கனூன் புயல், தீவைத் தாண்டிப் போய், திரும்பி மறுபடியும் வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. விமானங்கள் நாள்கணக்கில் ரத்து. அங்கிருந்து புறப்படும் நாளுக்கும் அலுவலகம் போகும் நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது விடுங்கள்.

கே: புயல் உருவாகிவிட்டதாகச் செய்தி. இன்றைக்குப் பயணக் காப்பீடு எடுத்தால் செல்லுமா?

ப: அந்தப் புயலுக்குச் செல்லாது. மழை வந்த பிறகு குடைக்காரர் குடை தருவார், காப்பீட்டுக்காரர் தர மாட்டார்.

கே: சென்னை-டோக்கியோ டிக்கெட் ஒரு தளத்தில், டோக்கியோவிலிருந்து ஒகினாவாவின் தலைநகர் நாஹாவுக்கு வேறொரு மலிவு விமானத்தில். தனித்தனியாக எடுத்தால் எட்டாயிரம் மிச்சம். சரிதானே? (மதுரை)

ப: இந்த எட்டாயிரம் எனக்குப் பழக்கமானது. நானும் இதே தொகையை மிச்சம் பிடித்துத்தான் நாஹா விமான நிலையத்தில் தரையில் படுத்தேன். தனித்தனி டிக்கெட் என்றால் தனித்தனி ஒப்பந்தம். புயலில் நாஹா விமானம் ரத்தானதும் அந்த நிறுவனம் தன் டிக்கெட் காசை ஒழுங்காகத் திருப்பித் தந்தது. டோக்கியோவிலிருந்து சென்னை வரவேண்டிய விமானமோ நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் கணக்கில் நான் வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டுக்கு நாற்பத்து மூவாயிரம் அழுதேன். முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்திருந்தால், என்னை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பாடாக இருந்திருக்கும். விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் இந்த ஆபத்தைச் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் போடுகின்றன. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. இன்னொன்று: கவுண்டரில் இருந்த பெண் குனிந்து வணங்கி ஒரு தாள் கொடுத்தார். விமானம் ரத்தானதற்கான சான்று. காப்பீட்டுக்கு அதுதான் உயிர். நான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்து ஊருக்கு வந்து துவைத்துவிட்டேன். நீங்கள் வாங்கியவுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: புயலால் விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தது. ஏஜென்ட் பணம் தராமல், "அடுத்த டூரில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். நான்கு மாதம் ஆகிறது. அப்பாவின் ஓய்வூதியப் பணம். (திருச்சி)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பணத்தை வரவில் வைப்பதா, கையில் வாங்குவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள், அவர் அல்ல. முதலில் முன்பதிவு எண்ணோடு விமான நிறுவனத்துக்கே எழுதி, பணம் ஏஜென்டுக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். போயிருந்தால் அந்தப் பதிலை இணைத்து ஏஜென்டுக்கு எழுத்தில் கெடு கொடுங்கள். போனில் பேசாதீர்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால், உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

கே: செப்டம்பரில் ஜமாமி தீவில் மூன்று இரவு, "ரத்து செய்ய முடியாது" விலையில் எடுத்தேன். படகு ஓடவில்லை. பணம் கிடைக்குமா?

ப: "ரத்து செய்ய முடியாது" என்பதில் எந்தச் சொல் புரியவில்லை? நாஹாவின் தொமாரி துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுகள், புயல் தொலைவில் இருக்கும்போதே அலைக்குப் பயந்து நின்றுவிடும். வெயில் அடிக்கும், படகு இருக்காது. விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். கொடுத்தால் அது அவர்கள் நல்ல மனசு.

கே: இங்கே வாங்கிய கெட்டிலுக்கு அடாப்டர் போதுமா?

ப: போதாது. அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும். என்னுடையதில் காபித்தூள் கடைசிவரை மிதந்தது. அறை அலமாரியில் அவர்கள் கெட்டில் இருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.

கே: ஜெல்லிமீன் கொட்டுமாமே, என்ன வாங்கிப் போக வேண்டும்?

ப: நீளக்கை நீச்சலுடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வலை கட்டிய கடற்கரையில் மட்டும் இறங்குங்கள். ஹபு ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்ற வேண்டும். அதை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.