குளிச்ச உடனே ஈரத் தலையை சீவலாமா?

குளிச்சதும் ஈரத்தோட சீவலாமான்னு கேட்டிருக்கீங்க, அது உங்க முடி எந்த வகைங்கிறதப் பொறுத்தது. நேர் முடின்னா வேண்டாம், ஈரத்துல முடி ஊறி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துடும், பாதிக்கு மேல காயட்டும். சுருட்டை முடிக்கு நேர் எதிர், காய்ஞ்சப்புறம் சீவினா சுருள் கலைஞ்சு பம்முனு நிக்கும், அதனால கண்டிஷனர் தலையில இருக்கும்போதே பல் அகலமான சீப்பால நுனியில ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா மேல போங்க, உச்சியில இருந்து ஒரே இழுவையா இழுத்தா சிக்கெல்லாம் கீழ சேர்ந்து முடிச்சாயிடும், பிள்ளைங்களுக்கு தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. எங்க களியக்காவிளை பக்கம் செம்பருத்தி இலையில தாளி, அதாவது தலைக்குத் தேய்க்கிற வழவழப்பான விழுது, அரைச்சு தேச்சு குளிப்பாங்க, அந்த வழவழப்பு இருக்கும்போதே விரலால சிக்கெடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி உதிர்றது சாதாரணம்தான், அதைப் பாத்து பயந்து சீவாம விட்டா சிக்கு இன்னும் கூடும்.