முன் பம்பர் ஓட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: வீல் ஆர்ச் பக்கம் ஸ்க்ரூ போகிற காது கிழிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: முதலில் பம்பரைக் கழற்றி, எந்தப் பிளாஸ்டிக் என்று உள்பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்தை, அதாவது அச்சைப் படியுங்கள். பிபி, பிபி+ஈபிடிஎம் (ஈபிடிஎம் என்பது கலந்திருக்கும் ரப்பர்) என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் வகை. சாதாரணப் பசை அதில் பிடிக்காது, காய்ந்ததும் நகத்தாலேயே உரிந்து வரும். வெல்டிங்தான் வழி. உடைந்த துண்டைப் பொருத்தி, பிளவை வி வடிவில் சுரண்டி, சால்டரிங் அயர்னால் துருப்பிடிக்காத கம்பி வலையை உள்பக்கத்தில் அழுத்துங்கள். வலையின் கண்களுக்குள் பிளாஸ்டிக் உருகி ஏறி வர வேண்டும். மேலே அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி மூடுங்கள். புகை கிளம்பினால் சூடு அதிகம். கருகிய பிளாஸ்டிக்குக் கெட்டி இருக்காது. தானாக ஆறவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஓட்டை கொஞ்சம் பெரிதாகி, ஸ்க்ரூ தலை உள்ளே போகிறது.

பதில்: அகல வாஷர் போதும். அளவோடு முடுக்குங்கள்.

கேள்வி: ஓட்டை நீளவாட்டில் இருக்கிறது. நிரப்பி வட்டமாக்கட்டுமா?

பதில்: வேண்டாம்! ஓரம் கிழியாமல் சீராக இருந்தால் அது தேய்மானம் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வெயிலில் பிளாஸ்டிக் நீளும், நகர இடம் வேண்டும். அடைத்தால் அடுத்த காதும் பிளக்கும்.

கேள்வி: சூப்பர் க்ளூவும் சமையல் சோடாவும் கல் போல இறுகுமே?

பதில்: இறுகும், அதுதான் சிக்கல். காது வளைந்து கொடுக்க வேண்டிய இடம். பிளாஸ்டிக் வகை என்ன? அச்சைப் பார்த்தீர்களா?

கேள்வி: நான் அப்படி ஒட்டி ஆறு மாதமாக நிற்கிறது. அச்சு தெரியவில்லை, துண்டு தண்ணீரில் மூழ்கியது. அதனால் பிபி இல்லை.

பதில்: உங்களுடையது நிற்பதில் மகிழ்ச்சி, ஆனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சுத்தமான பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9 (தண்ணீருக்கு 1) என்பதால் மிதக்கும். பம்பரில் டால்க் தூள் கலந்திருப்பார்கள், 20 சதவீதம் சேர்ந்தாலே தண்ணீரைவிடக் கனமாகிவிடும். மறைவான ஓரத்தில் அசிட்டோன் ஒரு சொட்டு விடுங்கள். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் என்றால் பிசுபிசுக்கும், பிபி அசையாது. ஏபிஎஸ்ஸில் பசை பிடிக்கும்.

கேள்வி: எந்தப் பசை நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அச்சு, அச்சு, அச்சு.

கேள்வி: பெயின்ட் நிறம் எப்படிப் பொருத்துவது?

பதில்: என் துறை இல்லை, பெயின்டரைக் கேளுங்கள்.

கேள்வி: உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் ரேடார் இருக்கிறது.

பதில்: ரேடாருக்கு முன்னால் கம்பி வலை வைக்கவே கூடாது, உலோகம் அதன் அலையை மறைக்கும். அந்த இடத்தில் பம்பரையே மாற்றுங்கள்.