மச்சானின் கேலனும் மாமாவின் லிட்டரும்

பட்டறைப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே சண்டையைப் பற்றியவை. அமெரிக்க வண்டியா, ஜப்பான் வண்டியா? எது குறைவாகக் குடிக்கும், எது அதிகமாக விற்கும்? சிங்கப்பூர் சின் மிங் பட்டறைகளில் 38 வருடம் கிரீஸ் கையோடு நின்றவன் நான். இரண்டு நாட்டு வண்டிகளுக்கும் அடியில் படுத்திருக்கிறேன். கீழேயிருந்து பார்த்தால் இரண்டுமே ஒரே மாதிரிதான் எண்ணெய் சொட்டும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

வாசகர், தெம்பனிஸ்: தீபாவளிக்கு வந்த என் மச்சான் டெக்சஸில் இருப்பவர், பெரிய பிக்கப் வைத்திருக்கிறார். “என் வண்டி 22 கொடுக்கிறது, உங்கள் கொரோலா 15தானே மாமா” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பதில் சொல்லத் தெரியாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

“எந்தப் படியால் அளந்தாய்?” என்று கேட்டிருக்க வேண்டும். அவர் சொன்ன 22, ஒரு கேலனுக்கு ஓடும் மைல். உங்கள் வண்டிக்குச் சொன்ன 15, ஒரு லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் அவர் வண்டி லிட்டருக்கு 9.4 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. உங்கள் கொரோலாவை அவர் படியால் அளந்தால் 35 வரும். அடுத்த தீபாவளிக்கு அந்த 35-ஐ மட்டும் சொல்லிவிட்டு முறுக்கைக் கடியுங்கள்.

இதில் நானே சறுக்கியவன். நான் தொழில் பழகிய காலத்தில் இங்கே கேலன் என்றால் பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் அதைவிடச் சின்னது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தொண்ணூறுகளில் ஒருவர் பெரிய அமெரிக்க வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கையேட்டில் கேலனுக்கு 18 மைல் என்று போட்டிருந்தது. “லிட்டருக்கு ஆறரைதான் வருகிறது, பாருங்கள்” என்றார். நான் பிரிட்டிஷ் கேலனை வைத்துக் கணக்குப் போட்டு 6.4 என்று விடை கண்டுபிடித்து, “புத்தகத்தில் உள்ளதைவிட நன்றாகவே ஓடுகிறது” என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் 7.7 வந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் (எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதற்குக் கண்ணாக இருக்கும் பாகம்) செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர் திரும்ப வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. மச்சானின் பிக்கப் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்க வண்டி என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான டண்ட்ராவை டெக்சஸில் சான் அன்டோனியோவில்தான் கட்டுகிறார்கள். அதுவும் தாகமுள்ள வண்டிதான்.

பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங் வெஸ்ட்: அங்கிள், அமெரிக்கர்கள் ஜப்பான் கார்களுக்கு மாறியதற்குப் பெட்ரோல் செலவு மட்டும்தான் காரணமா? என் புராஜெக்ட்டுக்கு வேண்டும்.

முழுக் காரணம் அது இல்லை தம்பி. ஆனால் கதவைத் திறந்துவிட்டது அதுதான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்குச் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலருக்கு அருகில் போனது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை. படகு போன்ற வண்டிகளை வைத்திருந்தவர்கள் அந்த வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்தில் போகும் சின்ன ஜப்பான் வண்டியான டாட்சனைப் பார்த்தார்கள். 1979-இல் ஈரான் புரட்சியோடு அதே கதை மறுபடியும். ஜப்பான்காரர்கள் இதற்காகத் திட்டம் போட்டுச் சின்ன வண்டி செய்யவில்லை. அவர்கள் ஊரில் ரோடு குறுகல், எண்ணெய் இறக்குமதி, பெரிய வண்டிக்கு வரி அதிகம். வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு விருந்தாளிக்கும் பிடித்துப்போனது.

அமெரிக்க அரசும் சும்மா இருக்கவில்லை. 1975-இல் சட்டம் போட்டு, ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி 1978-இல் கேலனுக்கு 18 மைல், 1985-இல் 27.5 மைல் இருக்க வேண்டும் என்றது. நம் கணக்கில் லிட்டருக்கு 7.7-இலிருந்து 11.7. அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. பிக்கப், ஜீப் மாதிரி வண்டிகளுக்குத் தனி அளவு, அதுவும் தளர்ந்த அளவு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் காருக்கு 27.5 என்றால் இவற்றுக்கு 20.7. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து வரும் பிக்கப்புக்கு 1964 முதல் 25 விழுக்காடு வரி. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்ட கோபத்தில் போட்டது, அதனால் பெயரே கோழி வரி. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, வரி மட்டும் நின்றுவிட்டது. லாபம் எங்கே இருக்கும், போட்டி எங்கே இருக்காது என்று நீயே யோசித்துப் பார். டெட்ராய்ட் கம்பெனிகள், அதாவது அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகள், அந்தச் சந்துக்குள் போனார்கள். 2018-இல் ஃபோர்டு, வட அமெரிக்காவில் சாதாரண செடான்களையே கைவிடப்போவதாக அறிவித்தது. ஜப்பான்காரனிடம் தோற்று ஓடினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு வந்த பக்கம் போனார்கள்.

1981-இல் இன்னொரு கூத்து. அமெரிக்கா நெருக்கியதால் ஜப்பான், ‘வருடத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்ப மாட்டோம்’ என்று தானே முன்வந்து சொன்னதுபோலச் சொன்னது. எண்ணிக்கைக்குத்தானே கட்டுப்பாடு, விலைக்கு இல்லையே! அவர்கள் பெரிய, விலை கூடின கார்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். அதோடு அங்கேயே போய்த் தொழிற்சாலையும் கட்டிவிட்டார்கள். ஹோண்டா 1982-இல் ஒஹையோவில் அக்கார்டை உருட்டியது. டொயோட்டா 1988-இல் கென்டக்கியில் கேம்ரியை உருட்டியது.

உன் புராஜெக்ட்டுக்கு நான் கொடுக்கும் நல்ல உதாரணம் இதுதான், கவனமாக எழுதிக்கொள். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜிஎம்மும் (ஜெனரல் மோட்டார்ஸ்) டொயோட்டாவும் சேர்ந்து 1984-இல் ஒரு தொழிற்சாலை நடத்தின. டெஸ்லா இன்று வண்டி கட்டும் அதே இடம். அங்கே ஒரே வண்டி கொரோலா என்றும் வெளியே வந்தது, ஜிஎம் பெயரில் பிரிஸம் என்றும் வெளியே வந்தது. ஒரே எஞ்சின், ஒரே தொழிலாளி, ஒரே பெட்ரோல் செலவு. கொரோலாதான் அதிகம் விற்றது. பழைய வண்டிச் சந்தையிலும் கொரோலாவுக்குத்தான் நல்ல விலை. பெட்ரோல் கணக்கு மட்டும் விற்பனையைத் தீர்மானித்தால் இது நடக்குமா? ‘ரிப்பேர் ஆகாது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல்லுக்கும் விலை உண்டு.

பெட்ரோல் விலை இறங்கினால் அமெரிக்கர்கள் பெரிய வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள், ஏறினால் சின்னது தேடுவார்கள். 2009-இல் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புது வண்டி வாங்கினால் அரசு பணம் தரும் திட்டம் வந்தது. அதிகம் கொண்டுவந்து தள்ளியது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், அதிகம் வாங்கிப்போனது கொரோலா. அதே வருடம் ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்தில் நின்றன. அதற்கு முந்தைய வருடம், 2008-இல், உலக விற்பனையில் டொயோட்டா ஜிஎம்மைத் தாண்டிவிட்டது. 77 வருடம் முதலிடத்தில் இருந்த கம்பெனி அது. 2021-இல் அமெரிக்காவுக்குள்ளேயே தாண்டியது. ஆனால் அந்த வருடம் சிப் தட்டுப்பாட்டில் ஜிஎம் தவித்துக்கொண்டிருந்தது, அடுத்த வருடமே முதலிடத்தைத் திரும்பப் பிடித்துவிட்டது என்பதையும் எழுது. இல்லாவிட்டால் உன் விரிவுரையாளர் கேட்பார்.

வாசகி, பொங்கோல்: ஜப்பான் கம்பெனிகள் சொல்லும் எண்களை நம்பலாமா?

அம்மா, எந்த நாட்டு எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். 2016-இல் மிட்சுபிஷி, ஜப்பானில் விற்ற 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்ன கார்களின் சோதனையில் பொய்க் கணக்குக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஃபோர்டு தன் சி-மேக்ஸ் ஹைபிரிட்டுக்கு (பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வண்டி) கேலனுக்கு 47 மைல் என்று போட்டதை 43-ஆகக் குறைத்தது. பொய்யே சொல்லாவிட்டாலும் எண் மாறும். 2008-இல் அமெரிக்க அரசு சோதனை முறையை மாற்றியதும், நகர ஓட்டத்தில் 60 என்று எழுதியிருந்த டொயோட்டாவின் ஹைபிரிட் பிரியஸ் 48-க்கு இறங்கியது. வண்டியில் ஒரு திருகுகூட மாறவில்லை.

உங்கள் வண்டிக்கு நீங்களே பாருங்கள். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், துப்பாக்கி ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

வாசகர், புக்கிட் பாத்தோக்: சிங்கப்பூரில் அமெரிக்க வண்டிகள் ஏன் இவ்வளவு குறைவு?

முதல் காரணம் ஸ்டியரிங். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பானும் அப்படியே. அவர்கள் ஊரில் ஓடும் வண்டியை அப்படியே கப்பலில் ஏற்றலாம். அமெரிக்கன் நமக்காக ஸ்டியரிங்கை மாற்றி வைக்க வேண்டும். இந்தச் சின்னச் சந்தைக்கு யார் மெனக்கெடுவார்கள்? அப்புறம், சாலை வரி எஞ்சின் அளவைப் பார்த்துப் போடுவது. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கப் பத்து வருடத்துக்கு வாங்கும் உரிமச் சான்று; அதில் சின்ன கார்களுக்கான ஏ பிரிவில் 1,600 சிசியோடு கோடு. அமெரிக்க எஞ்சின் அந்தக் கோட்டை எட்டிப் பார்த்துச் சிரிக்கும். பெட்ரோல் தீர்வையைப் பாருங்கள்: 2021 முதல் 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு. அமெரிக்க கேலன் கணக்கில் இரண்டரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அமெரிக்க மத்திய அரசு 1993-இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட் மட்டும் வாங்குகிறது, மாநில வரி தனி. அவ்வளவு மலிவாகக் குடித்துப் பழகிய வண்டி இங்கே வந்து எப்படிப் பிழைக்கும்?

உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1941-இல் திறந்தார்கள், தென்கிழக்காசியாவிலேயே முதல் கார் பொருத்தும் ஆலை. நான்கு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி அதே கட்டடத்தில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமஷிட்டாவிடம் சரணடைந்தார். ஜப்பானியர் ஆட்சியில் நிசான் அந்த ஆலையை எடுத்துக்கொண்டு ராணுவ லாரி பொருத்தியது. போருக்குப் பிறகு ஃபோர்டு திரும்ப வந்து 1980 வரை நடத்தியது. என் அப்பா அங்கே பெயிண்ட் பகுதியில் இருந்தார், சட்டைக் காலரில் எப்போதும் ஒரு கலர். மூடிய பிறகு நான் டொயோட்டா பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனேன். “அவன் இரண்டாம் முறையும் ஜெயித்துவிட்டான்” என்பார். நான் பதில் சொன்னதில்லை, மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

இங்கே ஓடிய ஃபோர்டும் முழு அமெரிக்கன் கிடையாது. கோர்ட்டினா இங்கிலாந்தில் வடிவமைத்தது. எண்பதுகளின் ஃபோர்டு லேசரைத் திறந்தால் உள்ளே மாஸ்டா 323. பிறகு வந்த செவ்ரலே ஆப்ட்ரா கொரியாவில் பிறந்தது.

உணவு விநியோகம் செய்பவர், ஈசூன்: என்னிடம் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பழைய வேன் ஒன்றும், 15 ஓடும் ஜப்பான் கார் ஒன்றும் இருக்கின்றன. புது வேன் எடுத்தால் 6 வரும். ஹைபிரிட் கார் எடுத்தால் 25 வரும். இரண்டும் ஒரே அளவு ஓடுகின்றன. பெட்ரோல் மிச்சத்துக்காக எதை முதலில் மாற்றுவது?

வேனை. சிரிக்காதீர்கள், தாளில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் என்றால் பழைய வேன் 2,400 லிட்டர் குடிக்கிறது, புது வேன் 2,000. மிச்சம் 400. கார் இப்போது 800 லிட்டர், ஹைபிரிட் 480. மிச்சம் 320. ஐந்திலிருந்து ஆறு, பதினைந்திலிருந்து இருபத்தைந்தை ஜெயித்துவிடும். நிறைய குடிப்பவன் ஒரு மடக்கு குறைத்தாலே பெரிய மிச்சம். 2015-இல் ஃபோர்டு தன் எஃப்-150 பிக்கப்பின் உடம்பை அலுமினியத்தில் செய்து 700 பவுண்டு வரை எடையைக் குறைத்தபோது நான் அதைப் பாராட்டியதும் இதற்காகத்தான். என் நண்பர்கள் அப்போது பிரியஸை மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுநர், உட்லண்ட்ஸ்: ஹைபிரிட்டுக்கு 10,000 வெள்ளி கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

லிட்டர் 2 வெள்ளி 80 காசு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கார் 14, ஹைபிரிட் 22. சொந்தத்துக்கு வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 870 வெள்ளி சொச்சம். சிஓஇ முடியும் பத்து வருடத்துக்குள் போட்ட 10,000 திரும்பாது. நீங்கள் வாடகைக்கு ஓட்டுகிறவர், வருடம் 60,000 ஓடும். மிச்சம் 4,300-க்கு மேல், இரண்டரை வருடத்துக்குள் திரும்பிவிடும். கொடுங்கள். ஆனால் பேட்டரி உத்தரவாதம் வாடகை வண்டிக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

அதே ஓட்டுநர், பின்குறிப்பில்: ஜோகூரில் நிரப்பினால் இன்னும் மிச்சம்தானே?

எல்லைப் பக்கம் உட்லண்ட்ஸிலேயே இருக்கிறீர்கள், முக்கால் தொட்டியாவது பெட்ரோல் இருந்தால்தான் நம் வண்டி எல்லையைத் தாண்டலாம் என்ற விதி 1991-இலிருந்து இருப்பது தெரியாதா? அங்கே மானிய விலைப் பெட்ரோலான ரான் 95-ஐ நம் வண்டிக்குத் தரமாட்டார்கள். மீதிக் கால் தொட்டிக்கு, விலை கூடின ரான் 97-க்காக, வரிசையில் எஞ்சினை ஓடவிட்டு எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.